கால் ஒடிஞ்ச துரை

தெருவில் கிடக்கும் காலி சிகரெட் பெட்டியைக் கண்டால் சிவனாண்டி அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. மில்லை விட்டு வெளியே வரும்போது எங்கள் எல்லோருக்கும் பாதி உயிர் போயிருக்கும். பொழுது பூராவும் மிசினுக்கு முன்னால் நின்று, அறுந்த இழையை முடிந்து, மறுபடி அறுந்ததை மறுபடி முடிந்து, காதில் இரைச்சலும் மூக்கில் பஞ்சுத் தூசியுமாக வெளியே வருகிறவனுக்கு வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருக்கும். அந்த நிலையிலும் இந்த மனுஷன் சாக்கடை ஓரமாகக் குனிந்து ஒரு காலிப் பெட்டியை எடுப்பார். திறந்து உள்ளே பார்ப்பார். போட்டுவிட்டு நடப்பார். இத்தனைக்கும் அவருக்கு சிகரெட் பழக்கமே கிடையாது. வெற்றிலை மட்டும்தான்.

எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னண்ணே, நாப்பது வயசுல குப்பை பொறுக்குறீக? பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"ஒண்ணுமில்லடா முத்திருளா. உள்ள படம் இருக்கான்னு பாத்தேன்."

"என்ன படம்?"

"முன்னெல்லாம் வைப்பான். சண்டை வந்ததுலருந்து நிப்பாட்டிட்டான் போல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். சண்டை என்று அவர் சொன்னது ஜெர்மன்காரன் சண்டையை. ஊரெல்லாம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. இவருக்கு மட்டும் சிகரெட் பெட்டிக்குள் படம் வராததுதான் குறையாகப் பட்டிருக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் மேலூர்க்காரன். மில்லில் என் மிசினுக்கு அடுத்த மிசின் அவருடையது. அவர் மதுரைப் பழங்காநத்தத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். சொந்த ஊர் சமயநல்லூர். காடு கரை உள்ள குடும்பம்தான். ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் இவர் பங்குக்கு வந்த நிலத்தில் கிணறு வற்றிப்போனது. மீசை அரும்புகிற வயசில் மில்லுக்கு வந்தவர், வந்தவர்தான். சோலையம்மாளைக் கட்டினார். ஒரு பெண்ணைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தார். மற்றபடி நின்றார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நின்றார். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துப்போய், கெண்டைக்கால் பார்க்கவே சகிக்காது. அவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

படக் கதையை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் மில் சுவரோரம் உட்கார்ந்து, காலை நீட்டித் தடவிக்கொண்டே ஒருநாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம்.

சமயநல்லூர் ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காகச் சில ரயில்கள் நின்று போகும். வெயில் காலத்தில் கோடைக்கானல் போகிற துரைமார்கள் அந்த வண்டியில் வருவார்கள். சன்னல் வழியாகக் காலி சிகரெட் பெட்டிகளை எறிவார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தடித்த அட்டையில் ஒரு வண்ணப் படம் இருக்கும். கப்பல், பறவை, குதிரை, தொப்பி போட்ட சிப்பாய். ஸ்டேஷனைப் பெருக்குகிற வேலை கீழத்தெரு சுடலைக்கு. சுடலையின் மகன் அழகுமலை. அதனால் ஊரிலேயே பெரிய பணக்காரன் அழகுமலைதான். அவனிடம் ஒரு தகர டப்பா நிறையப் படம்.

கீழத்தெரு என்றால், மேலத்தெருக்காரர்கள் நிலத்தில் கூலி வேலை செய்கிற சனங்களின் தெரு. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேலத்தெரு ஆட்கள் அங்கே போய்க் கை நனைக்க மாட்டார்கள். கீழத்தெரு ஆட்கள் இங்கே வாசற்படி ஏற மாட்டார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தடி யாருக்கும் சொந்தமில்லை. பையன்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஆட்டம் ரொம்பச் சின்னது. மண்ணில் வட்டம் கீறி ஆளுக்கு ஒரு படத்தை உள்ளே வைக்க வேண்டும். தள்ளி ஒரு கோடு போட்டு, அங்கிருந்து தட்டைக் கல்லைச் சறுக்கி எறிய வேண்டும். எந்தப் படம் வட்டத்தை விட்டு வெளியே வருகிறதோ அது எறிந்தவனுக்கு. மேலத்தெருவிலிருந்து சோணைமுத்துவும் வீரணனும் வருவார்கள். ஆனால் அழகுமலையோடு மாறி மாறி நாள் முழுக்க ஆடியது சிவனாண்டிதான்.

"அவனும் நானும் ஒண்ணுமண்ணாத் திரிஞ்சோம்டா. சாதியாவது கீதியாவது! வாடா போடான்னுதான் பேச்சு. அந்த மாதிரி ஒருத்தன் எனக்கு அப்புறம் வாய்க்கல" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் களைப்பு கொஞ்சம் இறங்கும். அதனாலேயே நானும் அதே கதையை அலுக்காமல் கேட்டேன்.

எல்லாப் படத்திலும் உசத்தி ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கால் ஒடிஞ்ச துரை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு துரை, கையில் பட்டையான ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். இரண்டு காலிலும் பாதத்திலிருந்து முட்டிக்கு மேல் வரை பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. எங்கள் பக்கம் கால் முறிந்தால் வைத்தியர் மூங்கில் பத்தையை வரிசையாக வைத்துத் துணி சுற்றுவாரே, அச்சு அசல் அதே மாதிரி. ஊன்றி நடக்கத்தான் கட்டை. ஆனால் துரை சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"ரெண்டு காலும் ஒடிஞ்சு போயும் சிரிக்கிறான் பாருடா, அதுதான்டா ஆம்பள" என்று அழகுமலை சொல்வானாம். அந்தப் படத்தை முதலில் கண்டெடுத்தவன் அவன். சிவனாண்டி அதை ஜெயித்து வெகுநாள் வைத்திருந்தார். மில்லில் சேரப் புறப்படுவதற்கு முதல் நாள், கடைசி ஆட்டத்தில், அழகுமலையிடமே தோற்றார். மற்றப் படங்களை அவருடைய ஆத்தா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, அது கால் ஒடிஞ்சவன் இல்ல. காலேஜ் மைதானத்துல நான் பாத்திருக்கேன். கிரிக்கெட்டுன்னு ஒரு வெளையாட்டு. பந்து பட்டுறக் கூடாதுன்னு கால்ல அதைக் கட்டிக்குவாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "போடா கிறுக்கா. நல்லா இருக்க காலுக்கு எவன்டா கட்டுப் போடுவான்?"

அதோடு நான் விட்டுவிட்டேன். பட்டவனுக்குத்தானே தெரியும். அந்த மனுஷன் மிசின் முன்னால் நிற்கும்போது, கால் விண்ணென்று தெறிக்கும்போது, அந்தத் துரையைத்தான் நினைத்துக்கொண்டு நிற்பாராம். அவருக்கு வேறு என்ன இருந்தது? நிலம் போயிற்று. உடம்பு போய்க்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் ஒரு கூட்டாளி இருந்தான், சாதி பார்க்காமல் அவனோடு விளையாடினேன் என்கிற நினைப்பு ஒன்றுதான் அவர் கையில் மிச்சமிருந்த நல்ல காசு. அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தார்.

சித்திரைத் திருவிழா முடிந்த சமயம் அவருக்கு இருமல் அதிகமாயிற்று. பஞ்சு நெஞ்சில் அடைத்துக்கொண்டது என்றார்கள். அப்போது ஊரிலிருந்து வந்த யாரோ, அழகுமலை அதே கீழத்தெருவில்தான் இருக்கிறான், ரயில் ரோட்டில் தண்டவாளம் பார்க்கிற கேங்கில் வேலை செய்கிறான், அந்தப் பழைய டப்பாவை இன்னும் வைத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"முத்திருளா, ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிட்டு வாரேன். துரையை ஒருக்காக் கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றார். மகள் வீட்டுக்குப் புறப்படுவதற்குக்கூட அவ்வளவு உற்சாகமாகப் புறப்பட்டதில்லை. சட்டையைச் சோலையம்மாளிடம் கொடுத்து வெளுக்கச் சொன்னாராம்.

திங்கட்கிழமை மில்லுக்கு வந்தவர் நேரே மிசினுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் மடியிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். கால் ஒடிஞ்ச துரை. மூலை எல்லாம் மழுங்கி, ஒரு காலில் கல் பட்டுக் குழி விழுந்து, ஆனாலும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. நான் துண்டால் துடைக்கப் போனேன்.

"தொடைக்காத" என்றார்.

பிறகுதான் சொன்னார்.

அவர் போனபோது அழகுமலை வீட்டு முன்னால் முருங்கை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். இவரைக் கண்டதும் அடித்துப் பிடித்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்க சாமி. நல்லா இருக்கீகளா?"

"என்னடா சாமி பூமின்னுக்கிட்டு? பேரைச் சொல்லிக் கூப்புடுடா."

அழகுமலை சிரித்தான். ஆனால் பேரைச் சொல்லவில்லை. இவர் உட்காரட்டும் என்று கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அவன் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் பெண்சாதி முருகம்மாள் புளி போட்டு விளக்கிய ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலைவாசலிலேயே நின்றாள். வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"தண்ணி... குடிக்கிறீகளா சாமி?" என்று அழகுமலைதான் கேட்டான்.

"இல்லப்பா, வேணாம். இப்பத்தான் ஸ்டேசன்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றார் இவர்.

குடிக்கவில்லை. நாக்கு வறண்டு போயிருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. முருகம்மாள் செம்போடு உள்ளே போய்விட்டாள்.

டப்பா வந்தது. துருப்பிடித்து மூடி திறக்க மாட்டேன் என்றது. உள்ளே பாதிப் படம் செல்லரித்துப் பொடியாகியிருந்தது. துரையை மட்டும் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தான் அழகுமலை. அதைப் பார்த்ததும் தனக்குக் கண் கலங்கிவிட்டது என்று அண்ணன் வெட்கமில்லாமல் சொன்னார்.

"ஒரு ஆட்டம் போடுவோமாடா? ஜெயிச்சா எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எங்க சாமி, எனக்குக் காலு மடங்காது. சம்மட்டி அடிச்சு அடிச்சு இடுப்பும் போச்சு. நீங்க சும்மாவே எடுத்துக்கிருங்க. உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு, படத்தை இருவருக்கும் நடுவில் மண்ணில் வைத்தான். வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

இவர் கட்டிலிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, படத்தை எடுத்துக்கொண்டார். மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. "என்ன இருந்தாலும் அது நல்ல காலம்டா அழகுமலை" என்றார்.

"உங்களுக்கு நல்ல காலந்தான் சாமி" என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லையாம். சும்மா, ஆமோதிக்கிற மாதிரிதான் சொன்னானாம்.

அங்கிருந்து மேலத்தெருவில் தன் அண்ணன் உக்கிரபாண்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். மதினி செல்லத்தாய், "வாங்க கொழுந்தனாரே, வேர்த்து ஊத்துதே" என்று செம்பு நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பி அவள் கையில் கொடுக்கும்போதுதான் சுரீரென்றது என்றார்.

"அவன் என் கையில ஒரு படத்தைக்கூடக் குடுத்ததில்லடா."

எனக்கு விளங்கவில்லை. "இந்தா, கையில வச்சிருக்கீகளே?"

"மண்ணுல வச்சான், எடுத்துக்கிட்டேன். எப்பயும் அப்படித்தான். சின்னப் பிள்ளையிலருந்து அப்படித்தான். ஆட்டத்துல ஜெயிச்சது மண்ணுல கெடக்கும், எடுத்துக்கலாம். படம் தீந்துபோய்க் கடன் வாங்கி ஆடுவோம் பாரு, அதைத் திருப்பிக் குடுக்கணும்ல? அவன் கீழ வைப்பான், நான் எடுப்பேன். நான் கீழ போடுவேன், அவன் பொறுக்குவான். அது ஆட்டத்தோட சட்டம்னுல்ல இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன்!"

"அதுதான் சட்டமோ என்னமோ" என்றேன், அவரைச் சமாதானப்படுத்த.

"சோணைமுத்துக்குக் கையில குடுத்திருக்கேன். வீரணனுக்குக் கையில குடுத்திருக்கேன். அவுக எனக்குக் கையில குடுத்திருக்காக. இவன்கிட்ட மட்டும் எப்படிடா அப்படி ஒரு சட்டம் வந்துச்சு? யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கலயே?"

எங்கள் மேலூர்ப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? களத்தில் கூலி நெல்லை முறத்தோடு கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்பதைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். யாராவது சொல்லிக் கொடுத்தா பழகினோம்? சோறு தின்னப் பழகிய மாதிரி அதுவும் பழகிப்போயிற்று. "விடுங்கண்ணே, அவனே அதை நெனச்சுப் பாத்திருக்க மாட்டான்" என்றேன்.

"அவன் நெனைக்காமயா இருந்திருப்பான்? குனிஞ்சு பொறுக்குனவனுக்கு நெனப்பு இருக்கும்டா" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் மிசினில் இழை அறுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி வந்து கத்திவிட்டுப் போனான். இவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் காலிப் பெட்டி எதையும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாரா என்று நான் ஏங்கிப்போனேன் என்றால் நம்புவீர்களா? மனுஷனுக்கு இருந்த ஒரே சுகமும் போய்விட்டது. பேச்சும் குறைந்து போயிற்று. இருமல் மட்டும் குறையவில்லை. சோலையம்மாள் மில் வாசலுக்கே வந்து, "எந்நேரமும் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு, நீயாச்சும் கேளுப்பா" என்றாள். நான் கேட்டேன். "ஒண்ணுமில்லடா, அசதியா இருக்கு" என்றார். அசதி யாருக்குத்தான் இல்லை?

ஆனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போயிருக்கிறார். என்னிடம் சொல்லாமல் போனார். வெயில் கொளுத்திய நாள் அது. இருமல்காரர் தொண்டை நனையாமல் இருக்க முடியாது. ஆனாலும் வீட்டிலிருந்து புறப்படும்போது சோலையம்மாள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. மதுரை ஸ்டேஷனில் குடிக்கவில்லை. சமயநல்லூரில் இறங்கி, அங்கேயும் குடிக்கவில்லை. நேரே ரயில் ரோட்டைத் தாண்டிக் கீழத்தெருவுக்குப் போனார்.

துரையை எடுத்து நீட்டினார். "இந்தாடா, ஒன் படம். ஜெயிச்சவன் நீதான்."

அழகுமலை துண்டை விரித்துப் பிடித்தான், அதில் போடட்டும் என்று.

"துண்டு வேணாம். கைய நீட்டு."

அவன் தெருவை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தான். பிறகுதான் நீட்டினான். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. இவர் படத்தை அந்தக் கையில் வைத்தார். முதல்முறையாக அந்தக் கை தன் கையில் பட்டது என்றார்.

"தாகமா இருக்கு. தண்ணி குடு தாயி" என்று முருகம்மாளிடம் கேட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பைக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"கையில குடு தாயி."

"வேணாஞ் சாமி" என்றாள் அவள். "நீங்க குடிச்சிட்டு மதுரைக்குப் போயிருவீக. நாளைக்கு மேலத்தெருவுல எங்களத்தான் கூப்புட்டுக் கேப்பாக."

இதை அண்ணன் யோசித்திருக்கவில்லை. தன் மனசு ஆறத் தான் வந்தோம், அதற்கான வில்லங்கம் அவர்களுக்கா என்று அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்திருக்கிறார். அதற்குள் அழகுமலை எழுந்து செம்பை எடுத்தான். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி வேலிப் படலைச் சாத்திவிட்டு வந்தான். செம்பை இவர் கையில் கொடுத்தான்.

"குடிங்க சாமி" என்றான். அப்போதும் சாமிதான்.

இவ்வளவையும் அவர் எனக்கு மறுநாள் மில் சுவரோரம் உட்கார்ந்து சொன்னார். நடுவில் இருமினார். வெற்றிலையை எடுத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். காரியம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம். அவரைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்பறம் என்ன, இம்புட்டுப் பாடுபட்டுக் குடிச்ச தண்ணி எப்படிண்ணே இருந்துச்சு?"

அவர் சிரிக்கவில்லை.

"உப்புடா முத்திருளா. வாயில வைக்க முடியல. கண்ண மூடிக்கிட்டு முழுங்குனேன். எங்க தெருக் கெணறு எளநி மாதிரி இருக்கும். ரயில் ரோட்டுக்கு அங்கிட்டு இப்படி ஒரு தண்ணின்னு எனக்குத் தெரியவே தெரியாது." கொஞ்ச நேரம் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "வெளையாண்டு வெளையாண்டு தாகமெடுத்தா, நான் எங்க வீட்டுக்கு ஓடுவேன். அவன் அவுக வீட்டுக்கு ஓடுவான். குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கிட்டே வந்து ரெண்டு பேரும் மறுபடி ஆடுவோம். ஒரே தண்ணியத்தான் குடிச்சிட்டு வாரோம்னு நெனச்சிருந்தேன்டா."